நடுக்குவாதமும் எமது அடுப்படியும்

"வயது போனால் கை நடுங்கத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பது எமது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. நடை தளர்கிறது, குரல் தாழ்கிறது, கையெழுத்துச் சிறுத்துப்போகிறது, முகம் சிரிப்பையும் கோபத்தையும் காட்டாமல் இறுகிவிடுகிறது. இவை எல்லாவற்றையும் முதுமையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். வைத்தியர் பார்த்து, இது பார்க்கின்சன் நோய் என்று கூறிக் குளிசைகளைக் கொடுத்த பின்னரும், "ஒரு நாளைக்கு வேலை செய்யுது, ஒரு நாளைக்குச் செய்யுதில்லை" என்ற முறைப்பாடு பல வீடுகளில் எழுகிறது. பஸ்ஸுக்குக் காசு செலவழித்துத் தூர இடத்து வைத்தியசாலைக்குப் போய்வந்த குடும்பம், சில மாதங்களில் மனம் சலித்து மருந்தையே கைவிட்டுவிடுவதும் உண்டு.

இம்முறைப்பாட்டுக்கான காரணங்களுள் ஒன்று எமது அடுப்படியிலேயே இருக்கிறது. நோயாளி எதை உண்கிறார், எந்த நேரத்தில் உண்கிறார், எப்படி உண்கிறார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் சரியான விடை கிடைக்கும் வீட்டில் அதே குளிசை கூடுதலாகப் பயன் தருகிறது. இதற்கு விலை கூடிய சத்துமாப் பேணிகள் தேவையில்லை. கடிகாரம் ஒன்றும், சற்றுப் பொறுமையும், சில அடிப்படை விளக்கங்களும் போதும். அவ்விளக்கங்களைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் தன்மை

1817ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் வைத்தியர் இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவருடைய பெயரே பின்னர் நோய்க்கும் சூட்டப்பட்டது. எம்மவர் இதனை நடுக்குவாதம் என்றும் கம்பவாதம் என்றும் அழைத்து வந்துள்ளனர். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மக்கள் நீண்ட காலம் வாழும் நாடுகளில் இந்நோயும் பெருகும். முதியோர் தொகை விரைவாகக் கூடிவரும் எமது நாடும் இதற்கு விலக்கல்ல.

மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் உள்ளன. உடலின் அசைவுகள் இலகுவாக நடைபெற இப்பொருள் வேண்டும். இக்கலங்கள் சிறிது சிறிதாக அழிந்துபோவதனால் அசைவு மந்தமாகிறது, தசைகள் இறுகுகின்றன, கை நடுங்குகிறது. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் இருக்கின்றனர். அழிந்த கலங்களை மீட்கும் மருந்து இன்னமும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் குறைந்துபோன டோபமினை ஈடுசெய்யும் மருந்து உண்டு. லெவோடோபா என்னும் அம்மருந்து 1960களில் நடைமுறைக்கு வந்தது. இன்றும் இந்நோய்க்குரிய முதன்மையான மருந்து அதுவே. கார்பிடோபா என்னும் துணைமருந்துடன் சேர்த்து ஒரே குளிசையாக இது பெரும்பாலும் வழங்கப்படுகிறது.

ஒரே வள்ளம், பல பயணிகள்

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். மீன், இறைச்சி, முட்டை, பால், பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதமும் சமிபாடடைந்ததும் அமினோ அமிலங்களாகவே மாறுகிறது. குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் இவற்றுட் பலவற்றை ஏற்றிச் செல்லும் வழி ஒன்றே.

ஆற்றைக் கடக்க ஒரேயொரு வள்ளம்தான் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். துறையில் தனியே நிற்பவர் உடனே ஏறி அக்கரை சேருவார். திருவிழாக் கூட்டம் முழுவதும் அதே துறையில் திரண்டிருந்தால் அவர் காத்திருக்க வேண்டும். சில வேளை ஏறவே முடியாது போகும். மீன் குழம்பும் பருப்பும் முட்டையும் நிறைந்த சாப்பாட்டோடு விழுங்கப்படும் குளிசையின் கதி இதுதான். மேலும், நிறையச் சாப்பிட்ட வயிறு மெதுவாகவே வெறுமையாகும். குளிசை குடலை அடையும் முன்னரே வயிற்றில் தங்கிவிடுவதால் அது வேலை செய்யத் தொடங்குவதும் தாமதமாகிறது.

ஆகவே குளிசையை உணவுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னர், அல்லது உணவுக்கு ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னர், ஒரு கோப்பை தண்ணீருடன் எடுப்பது பொதுவான நெறி. எமது வீடுகளில் குளிசை போடுவதற்குப் பால்தேநீரைக் கொடுக்கும் பழக்கம் உண்டு. இந்தக் குளிசைக்கு அது பொருந்தாது. வெறும் தண்ணீரே நல்லது.

சிலருக்கு வெறுவயிற்றில் குளிசை போட்டால் குமட்டல் வரும். சிகிச்சையின் தொடக்கத்தில் இது கூடுதலாக ஏற்படலாம். அவர்கள் புரதம் குறைந்த சிறு உணவோடு எடுக்கலாம். இரண்டு வெறும் பிஸ்கற், ஒரு வாழைப்பழம், சிறிது அரிசிக் கஞ்சி என்பன போதும். சில வைத்தியர்கள் இக்காரணத்துக்காகவே "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருப்பர். எனவே நேரத்தை மாற்றுமுன் கிளினிக்கில் ஒருமுறை கேட்டுக்கொள்வது அவசியம். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்கள் அதற்கும் லெவோடோபாவுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணித்தியால இடைவெளி விட வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் மருந்து உடலிற் சேர்வது குறைந்துவிடும்.

ஒரு நாளின் ஒழுங்கு

வைத்தியர் நாளுக்கு மூன்று வேளை குளிசை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் பின்வருமாறு ஓர் ஒழுங்கை அமைத்துக்கொள்ளலாம்.

காலை 6.30: குளிசை, ஒரு கோப்பை தண்ணீர்.
7.15: காலை உணவு. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும், அல்லது அவித்த வற்றாளைக்கிழங்கு.
10.00: இலைக்கஞ்சி அல்லது பப்பாசிப்பழம்.
12.00: குளிசை, தண்ணீர்.
12.45: மதிய உணவு. சோறு, கீரை, மரக்கறி, பருப்பு, ஒரு துண்டு மீன்.
3.30: தேநீர், வாழைப்பழம்.
மாலை 6.00: குளிசை, தண்ணீர்.
7.00: இரவு உணவு. குழைவாக ஆக்கிய சோறு அல்லது பிட்டு, மீன் அல்லது முட்டை.

இது ஓர் உதாரணம் மாத்திரமே. ஒவ்வொருவரும் தத்தம் வைத்தியர் குறித்த வேளைகளுக்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். குளிசை எடுத்த நேரம், உண்ட நேரம், கை கால் இலகுவாக இருந்த நேரம், இறுகிப்போன நேரம் ஆகியவற்றை ஒரு பாடசாலைக் கொப்பியில் இரண்டு கிழமை எழுதிச் சென்று காட்டினால், வைத்தியருக்கு அது பெரும் உதவியாகும். எழுத்து வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

புரதத்தைத் தள்ளிவைக்கலாமா?

மேற்கூறியதை வாசித்துவிட்டு, "அப்படியென்றால் அப்புவுக்கு இனி மீனும் முட்டையும் வேண்டாம்" என்று எவரும் முடிவு செய்துவிடக்கூடாது. அது பெருந்தவறு. புரதம் குறைந்தால் தசை கரையும். தசை கரைந்தால் விழுகை கூடும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் முதியவர் படுக்கையோடு சேர்ந்துவிடுவார்.

வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் ஏறத்தாழ 0.8 முதல் 1 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ நிறையுள்ளவருக்கு 40 முதல் 50 கிராம். இதனை எமது சமையலிலேயே பெறலாம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம், ஒரு கோப்பை சோற்றில் சுமார் 4 கிராம் புரதம் உண்டு. மீன் விலை ஏறிய நாட்களில் முட்டையும், கடலையும், கௌப்பியும், பயறும் கைகொடுக்கும்.

நோய் முற்றி, ஒரு குளிசைக்கும் அடுத்ததற்கும் இடையில் உடல் திடீர் திடீரென இறுகும் நிலையில் உள்ள சிலருக்கு, பகல் உணவில் புரதத்தைக் குறைத்து அதன் பெரும் பங்கை இரவு உணவுக்கு மாற்றும்படி வைத்தியர்கள் ஆலோசனை கூறுவர். இதனால் பகற்பொழுதில் அசைவு இலகுவாகலாம். இரவில் இறுக்கம் சற்றுக் கூடலாம். நாள் முழுவதற்குமான புரதத்தின் அளவு குறையாது. பகிர்வு மட்டுமே மாறுகிறது. எல்லா நோயாளிகளுக்கும் இது தேவைப்படுவதில்லை. வைத்தியரின் மேற்பார்வையின்றி இதில் இறங்கவும் கூடாது.

மலச்சிக்கல்

பலர் வெட்கத்தினால் சொல்லாமல் விடும் தொல்லை இது. பார்க்கின்சன் நோய் குடலின் நரம்புகளையும் தாக்குவதால், கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே மலச்சிக்கல் தோன்றலாம். குடல் மந்தமானால் மருந்து உடலிற் சேர்வதும் ஒழுங்கு தவறும்.

நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை நீர் அருந்த வேண்டும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வைத்தியர் குறித்த அளவை மீறக்கூடாது. இரவில் எழுந்து மலசலகூடத்துக்குப் போவதற்கு அஞ்சி முதியோர் பலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கின்றனர். அவர்களுக்குப் பகலிலேயே அடிக்கடி கொடுத்து, மாலைக்குப் பின் குறைத்துவிடலாம். தீட்டாத நாட்டரிசி, குரக்கன், முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, அவரை, பப்பாசி, கொய்யா ஆகியன நார்ச்சத்து நிறைந்தவை. பெரும்பாலானவை எமது வளவிலேயே விளைபவை. நார்ச்சத்தைக் கூட்டும்போது நீரையும் கூட்ட வேண்டும். அல்லாவிடில் சிக்கல் மேலும் இறுகும். இத்துடன் வளவைச் சுற்றி நாளாந்தம் நடப்பதும் குடலை இயக்கும். உடலில் படும் வெயில் எலும்புக்கு வேண்டிய விற்றமின் டீயையும் உண்டாக்கும்.

உடல் மெலிவு

"நல்லாத்தான் சாப்பிடுறார், ஆனால் இளைச்சுக்கொண்டு போறார்" என்று கவலைப்படும் மனைவியரும் மருமக்களும் உளர். இதற்குக் காரணங்கள் பல. இந்நோயில் மோப்ப உணர்வு குன்றுவதால் கறியின் மணம் தெரியாது. உணவில் நாட்டமும் குறையும். ஓயாத நடுக்கமும் தன்னியல்பான அசைவுகளும் உடலின் சக்தியைச் செலவிடுகின்றன. மெதுவாக உண்பதால் சோறு ஆறிப்போய்ப் பாதியிலேயே கோப்பை ஒதுக்கப்படுகிறது. மனச்சோர்வும் இந்நோயின் ஒரு பகுதி.

மாதத்துக்கு ஒருமுறை நிறை பார்ப்பது நல்லது. 50 கிலோ நிறையுள்ளவர் தாம் விரும்பாமலே ஆறு மாதத்துக்குள் இரண்டரைக் கிலோ குறைந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மூன்று பெரிய சாப்பாட்டுக்குப் பதிலாக ஐந்தாறு சிறு சாப்பாடாகக் கொடுக்கலாம். சிலருக்குப் பெரிய சாப்பாட்டின் பின் இரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றும். அவர்களுக்கும் இம்முறை பொருந்தும். கஞ்சியில் தேங்காய்ப்பாலும், கூழில் எள்ளுருண்டையும், சோற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்தால் குறைந்த அளவிலேயே கூடிய சக்தி கிடைக்கும். நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர்களுக்கு இவ்விடயத்தில் தனியான ஆலோசனை வேண்டும். எலுமிச்சம்புளி, இஞ்சி, கறிவேப்பிலை, மிளகு ஆகியவை மோப்பம் குன்றியவரின் நாவுக்குச் சுவையூட்டும்.

விழுங்கும்போது கவனம்

நோய் முன்னேறும்போது தொண்டைத் தசைகளும் மந்தமாகின்றன. உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் சளிக்காய்ச்சல் உண்டாகும். பார்க்கின்சன் நோயாளிகளின் மரணத்துக்கு முக்கியமான காரணங்களுள் இந்த நுரையீரல் அழற்சியும் ஒன்று. சாப்பிடும்போது இருமல், அடிக்கடி புரைக்கேறுதல், உண்டபின் குரல் ஈரம் படிந்ததுபோல் ஒலித்தல், வாயில் உணவு தங்குதல், காரணமின்றித் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருதல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். இவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பெரிய வைத்தியசாலைகளில் பேச்சுச் சிகிச்சையாளர்கள் விழுங்கும் பயிற்சியும் கற்பிக்கின்றனர்.

படுக்கையில் சாய்த்து வைத்து ஊட்டுவது ஆபத்தானது. கதிரையில் நிமிர்ந்து இருத்தி, நாடியைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சிறு சிறு கவளமாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாய் இறங்கிய பின்னரே அடுத்தது. வாயில் உணவு இருக்கும்போது கதை கேட்கக்கூடாது. வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுவது நல்லது. உண்டு முடிந்ததும் அரை மணித்தியாலமாவது நிமிர்ந்தே இருக்க வேண்டும். குளிசை வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் விழுங்குவது இலகு. உணவுக்கு முன் குளிசை எடுப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மை இது.

உதிரும் பிட்டு, காய்ந்த பாண், பொரித்த அப்பளம், நிலக்கடலை ஆகியன விழுங்கச் சிரமமானவை. பிட்டை விரும்புகிறவருக்கு அதைச் சொதியில் நன்றாக ஊறவிட்டு ஒன்றாக மசித்துக் கொடுக்கலாம். முள்ளுள்ள மீனும், நண்டுக் கோதுகள் கிடக்கும் ஒடியற்கூழும் கூடிய கவனத்துக்குரியவை. வடித்து, முள் நீக்கிக் கொடுக்க வேண்டும். பலர் எதிர்பாராத விடயம் என்னவென்றால், பச்சைத் தண்ணீரே இவர்களுக்கு அதிகம் புரைக்கேறும். விரைந்து ஓடும் நீரைத் தளர்ந்த தொண்டையால் அடக்க முடிவதில்லை. கெட்டியான கஞ்சி, குரக்கன் கூழ், மசித்த பழம் என்பன சிலருக்கு இலகுவாக இறங்கும். நீரை எவ்வளவு தடிப்பாக்குவது என்பதைச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வார்.

பூனைக்காலி பற்றி

பூனைக்காலி விதை இந்நோயைத் தீர்க்கும் என்று கேள்விப்பட்டு எம்மிடம் விசாரிப்போர் பலர். இதில் உண்மை உண்டு. அவ்விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. 1937ஆம் ஆண்டிலேயே சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்னும் ஆய்வாளர்கள் அதனை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினர். அண்மைய ஆண்டுகளிலும் வைத்திய ஆய்வாளர்கள் இவ்விதைத் தூளை நோயாளிகளிடத்துப் பரிசோதித்துள்ளனர்.

ஆயினும் உண்மை இருப்பதனாலேயே ஆபத்தும் இருக்கிறது. விதைக்கு விதை மருந்தின் அளவு வேறுபடும். ஏற்கெனவே லெவோடோபாக் குளிசை எடுப்பவர் இதனையும் உட்கொண்டால் அளவு மிஞ்சி, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, கட்டுக்கடங்கா அசைவுகள், மனக்குழப்பம் என்பன நேரலாம். சித்த ஆயுர்வேத வைத்தியரிடம் செல்பவர்கள் தாம் எடுக்கும் குளிசைகளை அவருக்குக் காட்ட வேண்டும். கிளினிக் வைத்தியருக்கும் இதனைத் தெரிவிக்க வேண்டும். எவர் சொன்னாலும் குளிசையைத் திடீரென நிறுத்தக்கூடாது. அப்படி நிறுத்தியதால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் ஏற்பட்டு உயிராபத்து நேர்வதுண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாட்டில் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவியதை நாம் மறக்கவில்லை. குளிசை முடிவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே அடுத்ததற்கு வழி பார்ப்பது புத்தி.

பந்தியில் ஓர் இடம்

சோறு சிந்துகிறது, கோப்பை தட்டுப்படுகிறது என்பதால் நோயாளி கூச்சமடைகிறார். "அப்பு, நீங்கள் பிறகு ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ" என்று வீட்டார் நல்ல மனத்தோடுதான் சொல்கின்றனர். ஆனால் நாளடைவில் அவர் குசினி மூலையில் தனியே உண்பவராகிவிடுகிறார். கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் போவதை நிறுத்துகிறார். தனியே உண்பவர் குறைவாகவே உண்கிறார். ஆகவே பந்தியில் இடம் கொடுப்பதும் போசாக்கின் ஒரு பகுதியே.

சிறு ஏற்பாடுகள் பெரும் உதவி செய்யும். விளிம்பு உயர்ந்த கோப்பை, அதன் கீழே வழுக்காதபடி ஈரத்துணி, பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கிய கரண்டி, பாதிவரை மட்டும் நிரப்பிய கைபிடியுள்ள குவளை ஆகியவற்றுக்குச் செலவில்லை. சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். அவரால் முடிந்தவரை தன் கையாலேயே உண்ண விடுங்கள். ஊட்டிவிட்டால் வேலை விரைவில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் தன் கையால் உண்ணும் மனிதனின் மதிப்பு அத்தோடு போய்விடும்.

நோன்பு நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்ட நேரம் உணவும் நீரும் இன்றி இருப்பதும், குளிசை வேளையைத் தவறவிடுவதும் இந்நோயாளிகளுக்குத் தீங்கு. கந்தசஷ்டி விரதமாயினும் ரமழான் நோன்பாயினும் தவக்கால ஒறுத்தலாயினும், நோயுற்றோருக்கு விலக்கு உண்டு. முதியோர் இதனைப் பிறர் வாயால் கேட்கும்வரை மனம் ஒப்புவதில்லை. எனவே சமயப் பெரியோர்கள் அவர்களைத் தேடிச் சென்று நேரிற் சொல்ல வேண்டும்.

இந்நோயாளியின் பராமரிப்புச் சுமை பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளிலேயே விழுகிறது. மனைவியோ மகளோ மருமகளோ, அவரும் வேளைக்கு உண்ண வேண்டும். அவருக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும். மாதர் சங்கங்களும் முதியோர் சங்கங்களும் இங்கே முன்வரலாம். ஊரில் இந்நோயுள்ள வீடுகள் எவை என்று அறிந்து, நிறை பார்க்கும் தராசு ஒன்றைப் பொதுவில் வைத்து, கிழமைக்கு ஒரு பிற்பகல் அவ்வீட்டாருக்கு மாற்றாள் அனுப்பினால், அது பெருந்தொண்டாகும். குடும்பநல உத்தியோகத்தரையும் இதில் இணைத்துக்கொள்ளலாம்.

இந்நோயை மாற்றும் வல்லமை எமக்கு இல்லை. குளிசையை வேளைக்குத் தண்ணீருடன் கொடுப்பதும், மீனின் முள்ளை நீக்கிக் கொடுப்பதும், பந்தியில் பக்கத்தில் இருந்து காத்திருப்பதும் எமது கையில் உள்ளன. இவ்விதழை வாசித்து முடித்ததும், இந்நோயுள்ள ஒரு வீட்டின் பெயராவது எம் நினைவுக்கு வரும். இக்கிழமை அவ்வீட்டுக்குச் சென்று, "குளிசை எத்தனை மணிக்குப் போடுறவர்? சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வருவோம்.